ஐந்து மாதிரி, ஐந்து குழப்பம்: உணவுச் சத்துச் சோதனைகளில் எங்கே பிழை?

#1 சோதனைக்குழாய்

ஸ்டார்ச்சுக்கு அயோடின் (இருந்தால் கருநீலம்), சர்க்கரைக்கு பெனடிக்ட் (நீலம் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும்), புரதத்துக்கு பையூரெட் (ஊதா), கொழுப்புக்கு எத்தனால் பால்மம் (பால்வெள்ளைக் கலங்கல்). இந்த நான்கையும் ஐந்து மாதிரிகளில் செய்து பார்த்ததில் பல முடிவுகள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வருகின்றன.

மாதிரிகள்: (அ) உருளைக்கிழங்கை அரைத்துப் பிழிந்த நீர், (ஆ) வெள்ளைச் சர்க்கரை 5% கரைசல், (இ) தண்ணீர் கலக்காத முட்டை வெள்ளைக் கரு, (ஈ) பால், (உ) ஆரஞ்சுச் சாற்றில் கொஞ்சம் சோள மாவு கலந்தது.

குழப்பங்கள்:

1. (உ)-வில் அயோடின் விட்ட இடத்தில் ஒரு கணம் கருநீலம் தெரிகிறது, குலுக்கியதும் காணாமல் போகிறது. மாவு இருப்பது உறுதி.

2. (ஆ)-வை அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்து, பிறகு பெனடிக்ட் சேர்த்துச் சூடாக்கியும் நீலமாகவே இருக்கிறது. அமிலம் சேர்க்காத குழாயோ லேசாகப் பச்சை காட்டுகிறது. தலைகீழாக அல்லவா வரவேண்டும்?

3. (இ)-யில் பையூரெட் ஊதா வரவில்லை. வெளிர்நீலத்தில் கூழ்மாதிரி கட்டி கட்டியாக நிற்கிறது.

4. எத்தனால் சோதனையில் ஐந்துமே பால்வெள்ளை. வெறும் தண்ணீர் வைத்த குழாயும்கூட.

5. பாலில் பெனடிக்ட் முடிவைப் படிக்கவே முடியவில்லை. வெள்ளையும் ஆரஞ்சுமாக ஏதோ கலந்து நிற்கிறது.

எங்கே தவறு?

#2 செங்கல்சிவப்பு

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி: அமிலக் குழாயில் பெனடிக்ட் ஊற்றியபோது நுரைத்ததா? எவ்வளவு அமிலம், எந்தச் செறிவு?

#3 சோதனைக்குழாய்

ஆமாம், நன்றாகவே நுரைத்தது. 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி., சர்க்கரைக் கரைசல் 2 மி.லி. ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்துவிட்டு, 2 மி.லி. பெனடிக்ட். இன்னும் ஐந்து நிமிடம்.

#4 செங்கல்சிவப்பு

அந்த நுரையில்தான் விடை இருக்கிறது. நுரைத்தது பெனடிக்டில் இருக்கும் சோடியம் கார்பனேட். பெனடிக்ட் வேலை செய்ய காரத்தன்மை கட்டாயம். காரத்தில்தான் சர்க்கரையின் வளையம் திறந்து, தாமிர அயனியை ஒடுக்கும் (அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும்) வடிவத்துக்கு வேகமாக மாறுகிறது. நடுநிலையாக்காமல் விட்ட அமிலம் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டது. சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரை, அமிலத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்துதான் இருக்கிறது. அதைக் காட்டவேண்டிய கரைசல் செத்துவிட்டது.

சரியான முறை: 2 மி.லி. மாதிரிக்கு 2 மோலார் அமிலம் 5 சொட்டு போதும். சுக்ரோஸ் அமிலத்தில் மிக எளிதாக உடையும். கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம். வெளியே எடுத்து ஆறவிடுங்கள். பிறகு சோடியம் பைகார்பனேட்டை சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை நின்றபின் இன்னொரு சிட்டிகை. லிட்மஸ் இருந்தால் நீலமாவதைப் பார்த்துக்கொள்ளலாம். அதன்பிறகே பெனடிக்ட். சூடான குழாயில் பைகார்பனேட்டைக் கொட்டினால் பொங்கி வெளியே வழியும், பாதி மாதிரி போய்விடும். ஆறவிடச் சொல்வது அதற்காகத்தான்.

#5 மில்லிமோல்

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். பெனடிக்ட் கரைசல் 1 லிட்டரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், காப்பர் சல்பேட் படிகம் 17.3 கிராம். அப்படியானால் 2 மி.லி.யில் கார்பனேட் சுமார் 1.9 மில்லிமோல். அது முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகப் போக 3.8 மில்லிமோல் அமிலம் வேண்டும். நீங்கள் ஊற்றியது 2 × 2 = 4 மில்லிமோல். காரம் மிச்சமே இல்லை!

செங்கல்சிவப்பு சொன்ன 5 சொட்டு என்பது கால் மி.லி., அதாவது அரை மில்லிமோல். அதை நடுநிலையாக்க 42 மி.கி. பைகார்பனேட் போதும்.

#6 ஊதாக்காரன்

மூணாவதுக்கு வர்றேன். நீங்க சொல்லாமலே யூகிக்கிறேன்: காப்பர் சல்பேட்டை காரத்துக்குச் சமமா ஊத்தியிருப்பீங்க. 10% கரைசல்?

#7 சோதனைக்குழாய்

சரியாகச் சொன்னீர்கள். 10% சோடியம் ஹைட்ராக்சைடு 1 மி.லி., 10% காப்பர் சல்பேட் 1 மி.லி.

#8 ஊதாக்காரன்

அந்த வெளிர்நீலக் கூழ் புரதமே கிடையாது, காப்பர் ஹைட்ராக்சைடு. வெறும் தண்ணில இதே மாதிரி ஊத்தினாலும் அதே கூழ்தான் வரும். ஊதா அடியில எங்கயோ இருக்கலாம், இந்த நீலம் மூடிடுச்சு.

பையூரெட்டுக்கு தாமிரம் துளியூண்டு போதும். மாதிரி 2 மி.லி., 10% சோடியம் ஹைட்ராக்சைடு 2 மி.லி., நல்லா கலக்கிட்டு 1% காப்பர் சல்பேட் 2 சொட்டு. கலக்குங்க, 2 நிமிஷம் பொறுங்க. நிறம் தெரியலேன்னா இன்னும் ஒரு சொட்டு. 5 சொட்டுக்கு மேல போகாதீங்க. நீங்க போட்டது இதைவிட நூறு மடங்கு தாமிரம்.

சூடாக்காதீங்க. பெனடிக்ட் பழக்கத்துல கை தானா கொதிநீர்ப் பக்கம் போகும். சூடாக்கினா மாதிரியில இருக்கற ஒடுக்கும் சர்க்கரை தாமிரத்தைப் பிடிச்சுக்கும், மஞ்சள் பழுப்புன்னு என்னென்னமோ வரும்.

இன்னொண்ணு, வெள்ளைக் கருவை அப்படியே எடுக்காதீங்க. அதுல புரதம் 10% கிட்ட இருக்கு. கெட்டியான காரம் பட்டா அது ஜெல்லியா உறைஞ்சுடும், தாமிரம் உள்ளே போகவே போகாது. 1 பங்கு கருவுக்கு 9 பங்கு 0.9% உப்புத் தண்ணி. வெறும் தண்ணி ஊத்தினா சில புரதம் வெள்ளையாத் திரியும், அதைப் பார்த்து பயப்படவேண்டாம். உப்புத் தண்ணில அந்தக் கலங்கல் குறைவு. துணியில வடிச்சிட்டு எடுங்க.

#9 வடிதாள்

ஊதாக்காரன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு கரைசலையும் தனித்தனியாகச் சொட்டுக் கணக்குப் பார்ப்பது தொல்லை என்றால், கலந்து வைத்த பையூரெட் கரைசலே செய்துகொள்ளலாம். காப்பர் சல்பேட் படிகம் 1.5 கிராம், சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் 6 கிராம், இரண்டையும் 500 மி.லி. நீரில் கரைத்து, 10% சோடியம் ஹைட்ராக்சைடு 300 மி.லி.யைக் கலக்கிக்கொண்டே ஊற்றி, 1 லிட்டராக்குங்கள். டார்ட்ரேட் தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கூழ் விழாது. பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். கண்ணாடிப் புட்டியில் கண்ணாடி மூடி போட்டால் காரம் மூடியை ஒட்டவைத்துவிடும். கரைசலில் கறுப்பாகவோ சிவப்பாகவோ படிவு தெரிந்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டியதுதான்.

பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், பையூரெட் கரைசலில் பையூரெட் கிடையாது. யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் பையூரெட் என்ற பொருளும் இதே ஊதாவைத் தருகிறது. பெயர் அங்கிருந்து வந்தது. சோதனை காட்டுவது அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பை, அதுவும் குறைந்தது இரண்டு பிணைப்பு வேண்டும். தனி அமினோ அமிலக் கரைசலை வைத்துக்கொண்டு ஊதா வரவில்லை என்று தேடுவதில் பயனில்லை. அதற்கு நின்ஹைட்ரின் என்ற வேறு சோதனைதான்.

அம்மோனியம் உப்பு இருந்தால் கவனம். தாமிரத்தோடு சேர்ந்து ஆழ்ந்த நீலம் தரும், அவசரப்பட்டால் ஊதா என்று எழுதிவிடுவோம்.

#10 மில்லிமோல்

முதல் குழப்பம், அயோடின் மறைவது. காரணம் ஆரஞ்சுச் சாற்றின் வைட்டமின் சி. அது அயோடினை அயோடைடாக ஒடுக்குகிறது, அயோடைடுக்கு நிறமில்லை, ஸ்டார்ச்சோடு சேரவும் சேராது.

எவ்வளவு அயோடின் வீணாகும் என்று பார்ப்போம். வழக்கமான கரைசல்: பொட்டாசியம் அயோடைடு 2 கிராமை 5 மி.லி. நீரில் கரைத்து, அதில் அயோடின் 1 கிராம் போட்டு முழுவதும் கரைந்தபிறகு 100 மி.லி. ஆக்குவது. (முதலிலேயே 100 மி.லி. நீரை ஊற்றிவிட்டு அயோடினைப் போட்டால் மணிக்கணக்கில் கலக்கவேண்டியிருக்கும். கெட்டியான அயோடைடில்தான் அது சட்டென்று கரையும்.) சோதனைக்கு இதைப் பத்து மடங்கு நீர்க்கவைப்போம். அப்போது ஒரு சொட்டில், 0.05 மி.லி. என்று கொண்டால், அயோடின் சுமார் 0.2 மைக்ரோமோல்.

சாற்றில் மி.லி.க்கு 0.4 மி.கி. வைட்டமின் சி என்று வைத்துக்கொள்வோம். 2 மி.லி.யில் 0.8 மி.கி., அதாவது 4.5 மைக்ரோமோல். ஒன்றுக்கு ஒன்று வினை. ஆக முதல் 22, 23 சொட்டுகளை வைட்டமினே விழுங்கிவிடும். அதற்குமேல் விடும் சொட்டுதான் ஸ்டார்ச்சிடம் போய்ச் சேரும். மூன்று சொட்டு விட்டுவிட்டு 'ஸ்டார்ச் இல்லை' என்று எழுதினால் தப்பாகத்தான் போகும்.

#11 வடிதாள்

சமைக்காத மாவு என்றால் இன்னும் எளிய வழி: பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் தங்கும். மேல் சாற்றை இறுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி இறுத்து, இரண்டு முறை கழுவுங்கள். அடியில் தங்கியதில் ஒரே சொட்டு அயோடின். கறுத்துவிடும். வேகவைத்த மாவென்றால் அடியில் தங்காது, அங்கே மில்லிமோல் வழிதான்.

அயோடினைப் பற்றி எழுதும்போதே இதையும். சூடான கஞ்சியில் விடாதீர்கள். ஸ்டார்ச்சின் அமைலோஸ் சங்கிலி சுருள் வடிவில் இருந்து, உள்ளே அயோடின் போய் உட்காருவதால்தான் கருநீலம். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறிவிடும், நிறம் போய்விடும். ஆறினால் திரும்பி வரும். காரத்திலும் நிறம் வராது, அங்கே அயோடினே வேறு பொருளாக மாறிவிடுகிறது. ஆகவே பெனடிக்டோ பையூரெட்டோ செய்த குழாயில் மிச்சமிருக்கிறதே என்று அயோடினைச் சொட்டவேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கும் புது மாதிரி.

எல்லா ஸ்டார்ச்சும் கருநீலம் காட்டாது. பசைத்தன்மையுள்ள தானிய வகைகளில் அமைலோஸ் மிகக் குறைவு, அமைலோபெக்டின்தான் ஏறக்குறைய முழுவதும். அது செவ்வூதா அல்லது செம்பழுப்பு தரும். அயோடினின் சொந்த நிறமான மஞ்சள் பழுப்புக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

#12 அரைச்சொட்டு

சரி, அமிலம் சேர்க்காத சர்க்கரைக் குழாய் ஏன் பச்சையானது? அதை யாருமே தொடவில்லை. சுக்ரோஸ் ஒடுக்காத சர்க்கரை (பெனடிக்டின் தாமிரத்தை ஒடுக்காதது) என்றுதானே பாடம்?

#13 செங்கல்சிவப்பு

மூன்று காரணங்களை வரிசையாக விலக்கிப் பார்க்கலாம்.

முதலில், அது *தெளிந்த* பச்சையா, *கலங்கிய* பச்சையா? குழாய்க்குப் பின்னால் எழுத்துத் தாளைப் பிடியுங்கள். எழுத்து கூர்மையாகத் தெரிந்தால் அது வெறும் நிறக்கலப்பு. மாதிரி பழுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நீலத்தோடு சேர்ந்து பச்சை தெரியும், வினை எதுவும் நடக்கவில்லை. எழுத்து மங்கினால் வீழ்படிவு இருக்கிறது. பத்து நிமிடம் வைத்து அடியைப் பாருங்கள்: மஞ்சள் பொடி தங்கி, மேலே நீலம் நிற்கும். பெனடிக்ட் பச்சை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. மீந்த நீலமும் புது மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை.

கலங்கல்தான் என்றால், சர்க்கரைக் கரைசல் பழையதா என்று பாருங்கள். அறைவெப்பத்தில் நாள்கணக்கில் வைத்த கரைசலில் நுண்ணுயிர்கள் சுக்ரோஸை உடைத்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆக்கிவிடும். அன்றன்றைக்குக் கரைத்ததையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, டிராப்பர். ஐந்து மாதிரிக்கும் ஒரே டிராப்பர் என்றால் ஆரஞ்சுச் சாறு ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலே பச்சை வந்துவிடும். பெனடிக்ட் அவ்வளவு கூர்மையானது.

இந்தக் குழாயைச் செய்யாமல் அமிலக் குழாயை மட்டும் செய்வது பெரிய தவறு. அமிலத்துக்கு முன் நீலம், பின் சிவப்பு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் 'ஒடுக்காத சர்க்கரை இருக்கிறது' என்று சொல்லலாம். முன்னாலும் சிவப்பு, பின்னாலும் சிவப்பு என்றால் எதுவும் சொல்ல முடியாது, பின்னது அதிகம் என்று அளந்து காட்டினாலொழிய.

#14 அரைச்சொட்டு

ஒரு ஆட்சேபம். மாவும் இருக்கும் மாதிரியில் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் ஸ்டார்ச்சும் கொஞ்சம் உடையுமே? அப்போது சிவப்பு வந்தால் சுக்ரோஸ் என்று எப்படிச் சொல்வீர்கள்?

#15 செங்கல்சிவப்பு

சொல்ல முடியாது. நியாயமான ஆட்சேபம். மாவை முதலில் வடிகட்டி நீக்குங்கள். அல்லது அமிலத்துக்குப் பதில் இன்வர்ட்டேஸ் நொதி. அது சுக்ரோஸை உடைக்கும், ஸ்டார்ச்சைத் தொடாது. 1% நொதிக் கரைசல் 1 மி.லி., 40 டிகிரி நீரில் 15 நிமிடம். அமிலமே இல்லாததால் நடுநிலையாக்கும் வேலையும் இல்லை. ஆனால் நொதியை மட்டும் பெனடிக்டோடு வைத்த ஒரு பிளாங்க் (மாதிரி இல்லாத ஒப்பீட்டுக் குழாய்) கட்டாயம், சில நொதித் தயாரிப்புகளில் குளுக்கோஸ் கலந்திருக்கும்.

#16 ஆரஞ்சுத்தோல்

பெனடிக்டில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று அளவுகோல் இருக்கிறதே. 0.5, 1, 1.5, 2% என்று பட்டியல் பார்த்த நினைவு. அதை வைத்து எந்தப் பழத்தில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

#17 மில்லிமோல்

அந்தப் பட்டியல் 5 மி.லி. பெனடிக்டுக்கு 8 சொட்டு மாதிரி என்ற விகிதத்துக்கானது. சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்க வந்த முறை. 2 மி.லி.க்கு 2 மி.லி. கலந்துவிட்டு அதே பட்டியலைப் பார்த்தால் பொருந்தாது. 2 மி.லி. பெனடிக்டில் தாமிரம் 0.139 மில்லிமோல்தான். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு தாமிரம் என்று குறைவாகவே கணக்கிட்டாலும், 12.5 மி.கி. குளுக்கோஸ் அத்தனையையும் முடித்துவிடும். அதாவது 0.63% கரைசல். அதற்குமேல் 1% ஆனாலும் 10% ஆனாலும் ஒரே செங்கல் சிவப்புதான். பழச்சாறுகளில் ஒடுக்கும் சர்க்கரை பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு. நேராகச் சோதித்தால் எல்லாம் ஒரே நிறம்.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் சாற்றை 20 மடங்கு நீர்க்கவையுங்கள். குளுக்கோஸ் 0.1, 0.25, 0.5% கரைசல்களைப் பக்கத்தில் வைத்து, ஒரே கொதிநீரில், ஒரே நேரத்தில் போட்டு எடுங்கள்.

#18 அரைச்சொட்டு

அப்படியும் கண்ணால் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மஞ்சளா சிவப்பா என்பது சர்க்கரையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, வீழ்படிவான காப்பர் ஆக்சைடு துகள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதையும் பொறுத்தது. துகள் நுண்ணியதானால் மஞ்சள், பெரிதானால் சிவப்பு. எவ்வளவு நேரம் சூடாக்கினோம், எப்படிக் கலக்கினோம் என்பதால் மாறும். வீழ்படிவை வடிகட்டி, வடிநீரில் மிஞ்சிய நீலத்தை கலரிமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) சிவப்பு ஃபில்டர் வைத்து அளப்பதே நேர்மையான வழி. நீலம் குறையக் குறைய சர்க்கரை அதிகம்.

#19 மில்லிமோல்

ஒப்புக்கொள்கிறேன். கலரிமீட்டர் இல்லாத இடத்துக்குத்தான் என் வழி.

#20 ஊதாக்காரன்

பழச்சாறு பேச்சு வந்ததால: வைட்டமின் சி அயோடினை மட்டுமில்ல, பெனடிக்டையும் ஒடுக்கும். வெறும் வைட்டமின் மாத்திரையைக் கரைச்சு பெனடிக்ட் பண்ணுங்க, சர்க்கரை இல்லாமலே நிறம் மாறும். பழத்துல சர்க்கரைதான் ரொம்ப அதிகம், அதனால முடிவு மாறாது. ஆனா 'சர்க்கரை சேர்க்காத' வைட்டமின் பானத்துல பெனடிக்ட் பண்ணிட்டு ஏமாத்துறாங்கன்னு கத்தாதீங்க.

#21 வடிதாள்

நான்காவது: வெறும் தண்ணீரும் பால்வெள்ளையானது என்றால் குற்றவாளி எத்தனால்தான். எந்தப் புட்டியிலிருந்து எடுத்தீர்கள்? காயம் துடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டா?

#22 சோதனைக்குழாய்

ஆமாம், அதேதான். தெளிவாகத்தான் இருந்தது.

#23 வடிதாள்

தெளிவாகத்தான் இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், நீரில் கரையாது. நீங்கள் தண்ணீரை ஊற்றியதும் அந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடித்தது. சோதனை சரியாகவே வேலை செய்திருக்கிறது, ஸ்பிரிட்டில் இருந்த கொழுப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது! வேறு ஆல்கஹால் வாங்கினாலும் முதலில் 2 மி.லி.யை 2 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் ஊற்றிப் பாருங்கள். கலங்கினால் வேண்டாம்.

நல்ல எத்தனால் கிடைத்தபின்:

மாதிரி காய்ந்திருக்கவேண்டும், குழாயும் காய்ந்திருக்கவேண்டும். திடப்பொருளை நசுக்கி அரை கிராம், அதோடு எத்தனால் 3 மி.லி., ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கல். தாவர எண்ணெய் குளிர்ந்த எத்தனாலில் அவ்வளவாகக் கரையாது, 50 டிகிரி வெந்நீரில் குழாயைச் சிறிது நேரம் வைத்தால் கூடுதலாக இறங்கும். வெந்நீர் கெட்டிலில் காய்ச்சியதாக இருக்கட்டும். பக்கத்தில் தீ எரியக்கூடாது, எத்தனால் ஆவி குப்பென்று பிடிக்கும்.

அடுத்துத்தான் முக்கியம். குழாயை நிமிர்த்தி வைத்து, துகள் எல்லாம் அடங்கும்வரை பொறுங்கள். மேலே உள்ள தெளிவை மட்டும் டிராப்பரில் எடுத்து, குளிர்ந்த நீர் 3 மி.லி. உள்ள இன்னொரு குழாயில் விடுங்கள். மாவுத் துகள் கூடவே வந்தால் அதுவும் கலங்கலாகத் தெரியும். பாலில் இது இன்னும் மோசம்: ஆல்கஹால் பட்டதும் பாலின் முக்கியப் புரதமான கேசின் வெள்ளையாகத் திரிந்துவிடும். அந்த வெள்ளையைக் கொழுப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு.

சந்தேகம் வந்தால் தாளில் தேய்த்துப் பாருங்கள். சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு தண்ணீர். இரண்டும் ஈரத்தில் ஒளி ஊடுருவும். அரைமணி காயவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீர்க் கறை போயிருக்கும், எண்ணெய்க் கறை நிற்கும். பழத்தோல் எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களின் கறை மெல்ல ஆவியாகிப் போய்விடும். கொழுப்பிலிருந்து அவற்றைப் பிரித்தறிய அதுவே போதும்.

#24 ஆரஞ்சுத்தோல்

சூடான் 3 சாயம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

#25 வடிதாள்

நீரில் மிதக்கும் எண்ணெய்க்கு நன்றாக வேலை செய்யும்: 2 மி.லி. நீர், அரை மி.லி. எண்ணெய், 3 சொட்டு சாயம், குலுக்கி நிறுத்தினால் மேல் அடுக்கு மட்டும் சிவக்கும். ஆனால் பால் மாதிரி ஏற்கெனவே பால்மமாக இருப்பதில் அடுக்கு பிரியாது, மொத்தமும் இளஞ்சிவப்பாகிக் குழப்பும். புற்றுநோய் ஐயமும் உள்ள சாயம், கையுறை இல்லாமல் தொடவேண்டாம். தாளும் எத்தனாலும் இருக்கும்போது நான் அதைத் தேடமாட்டேன்.

#26 செங்கல்சிவப்பு

ஐந்தாவது, பால். நேராக பெனடிக்டில் போட்டால் புரதமும் கொழுப்பும் வீழ்படிவோடு பின்னிக்கொள்ளும். முதலில் பிரியுங்கள்.

பால் 10 மி.லி., சம அளவு நீர், 40 டிகிரி வெதுவெதுப்பு. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெதுவாகக் கலக்குங்கள். ஓரிடத்தில் திடீரென்று வெள்ளைத் திட்டுகள் பிரியும், சுற்றியுள்ள நீர் தெளியும். அங்கே நிறுத்துங்கள். கேசின் பிஎச் 4.6 அருகில்தான் முழுதாகப் பிரியும். அமிலத்தை மேலும் ஊற்றினால் திரும்பக் கரையத் தொடங்கும். ஐந்து நிமிடம் வைத்து வடிதாளில் வடிகட்டுங்கள்.

வடிநீரில் லாக்டோஸ். அதை பைகார்பனேட்டால் நடுநிலையாக்கி, பெனடிக்ட். சுத்தமான ஆரஞ்சுச் சிவப்பு வரும். தாளில் தங்கியதில் ஒரு சிறு கட்டியை 10% காரத்தில் கரைத்தால் பையூரெட் ஊதா. மீதிக் கட்டியைத் தாளோடு அழுத்திப் பிழிந்து காயவைத்து எத்தனாலில் குலுக்கினால் கொழுப்பு, அது கேசினோடுதான் சிக்கிக்கொண்டு வந்திருக்கும். வடிநீரிலும் பையூரெட் லேசான ஊதா காட்டும். தவறில்லை, கேசின் அல்லாத புரதங்கள் அங்கே மிஞ்சியிருக்கின்றன.

#27 ஆரஞ்சுத்தோல்

வைட்டமின் சி எவ்வளவு என்று எளிதாக அளக்க வழி?

#28 மில்லிமோல்

டிசிபிஐபி என்ற நீலச் சாயம், 0.1%. வைட்டமின் சி அதன் நிறத்தைப் போக்கும். முதலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. வைட்டமின் சி உள்ள கரைசலை (தரக்கரைசல்) அன்றைக்கே தயாரியுங்கள். குழாயில் சாயம் 1 மி.லி. எடுத்து, 1 மி.லி. சிரிஞ்சால் அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் போகும் அளவைக் குறியுங்கள். பிறகு அதே அளவு சாயத்தில் சாறு.

0.60 மி.லி. தரக்கரைசல் பிடித்து, சாறு 1.50 மி.லி. பிடித்தால், சாற்றில் மி.லி.க்கு 0.60 ÷ 1.50 = 0.40 மி.கி. அதாவது 100 மி.லி.யில் 40 மி.கி.

கோளாறு வருமிடங்கள்: சாறு அமிலம் என்பதால் நீலம் முதலில் *இளஞ்சிவப்பாகும்*. அது முடிவல்ல, சாயம் அமிலத்தில் காட்டும் நிறம். இளஞ்சிவப்பும் போகவேண்டும். வேகமாகக் குலுக்கினால் காற்று பட்டு வைட்டமின் கெடும், மெதுவாகச் சுழற்றினால் போதும். சல்பைட் போட்டுப் பாதுகாத்த சாறு என்றால் சல்பைட்டும் நிறத்தைப் போக்கும், அளவு கூடுதலாக வரும். கருஞ்சிவப்புச் சாறுகளில் முடிவுப் புள்ளியே தெரியாது, நன்றாக நீர்க்கவைத்தால்தான் உண்டு. சாயம் நாளாக ஆக வலுவிழக்கும், தரக்கரைசலை ஒவ்வொரு முறையும் ஓட்டச் சொல்வது அதனால்தான்.

#29 சோதனைக்குழாய்

எல்லாவற்றையும் திருத்திச் செய்தாயிற்று. (ஆ) முன்னே நீலம், பின்னே செங்கல் சிவப்பு. (இ) 3 சொட்டில் தெளிவான ஊதா. (உ) 25 சொட்டுக்குப்பின் கருநீலம் நின்றது. புது எத்தனாலில் (ஈ) மட்டும் கலங்கல். பால் வடிநீர் ஆரஞ்சு.

மிஞ்சியது (அ). அயோடினில் நல்ல கருநீலம். ஆனால் பெனடிக்டில் அமிலம் சேர்க்காமலே கலங்கிய மஞ்சள். டிராப்பர் புதியது, பிளாங்க் நீலம். உருளைக்கிழங்கில் இருப்பது ஸ்டார்ச்தானே?

இன்னொரு கேள்வி: தாமிரக் கழிவை என்ன செய்வது, குழாய் உட்புறத்தில் ஒட்டிய சிவப்புப் படிவும் கையில் அயோடின் கறையும் போகமாட்டேன் என்கின்றன.

#30 ஊதாக்காரன்

தாமிரக் கழிவை தொட்டியில ஊத்தாதீங்க, நீர்வாழ் உயிருக்கு நஞ்சு. ஒரு பெரிய பிளாஸ்டிக் புட்டில சேர்த்து, 'தாமிரம், காரம்'னு எழுதி ஒட்டி, கழிவு எடுக்கறவங்ககிட்ட குடுங்க. அமிலக் கழிவை அதே புட்டில ஊத்தாதீங்க, பொங்கும். சிவப்புப் படிவுக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம் கொஞ்சம், கண்ணாடி போட்டுக்கிட்டு. கழுவின தண்ணியும் கழிவுதான். அயோடின் கறைக்கு வைட்டமின் சி மாத்திரையை ஈரத்துல தேயுங்க. #10-ல மில்லிமோல் சொன்ன அதே வினை.

#31 செங்கல்சிவப்பு

(அ) சரியான முடிவு, பிழை இல்லை. உருளைக்கிழங்கில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த கிழங்கா? குளிரில் கிழங்கின் ஸ்டார்ச் உடைந்து சர்க்கரையாகச் சேரும். அந்தக் கிழங்கைப் பொரித்தால் சீக்கிரம் கறுப்பதும் அந்தச் சர்க்கரையால்தான். குளிரில் வைக்காத கிழங்கு ஒன்றையும் அதே எடையில், அதே அளவு நீரில் அரைத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே கொதிநீரில் போட்டு, எது முதலில் கலங்குகிறது என்று பாருங்கள்.

#32 சோதனைக்குழாய்

குளிர்ப்பெட்டியில் மூன்று வாரம் இருந்த கிழங்கு. வெளியே வைத்தது பச்சைக்கு மேல் போகவில்லை.